கையை எடுத்தால் நின்றுவிடும்

என் வாழ்நாளில் நான் செய்த ஒரே வீரச்செயல், ஓடிப்போனது. அதற்காக ஒரு தெருவே திரண்டு என்னைப் பாராட்டியது. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. பாராட்டை மறுக்கிற அளவுக்கு நேர்மை அந்த வயதில் என்னிடம் இல்லை. இப்போது தலையில் நரை வந்துவிட்டது. நேர்மை இன்னும் வழியில்தான் இருக்கிறது.

இரண்டாயிரம் பிறந்த புதிது. அப்பாவும் அம்மாவும் ஆபீஸ் போகிறவர்கள். கோடை விடுமுறையில் என்னை மாடம்பாக்கத்து வீட்டில் தனியாக விட்டால் வீடு மிஞ்சாது என்று பயந்து, பொழிச்சலூரில் இருந்த அத்தையிடம் கொண்டுபோய் விட்டார்கள். அத்தை அப்பாவுக்கு அக்கா. அவளும் மாமாவும் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் சாண்ட் பிளாஸ்டிங் தொழில் செய்துவந்தார்கள். துருப்பிடித்த இரும்பின் மேல் மணலை வேகமாக அடித்துத் துருவை உரிக்கிற வேலை. ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளை. அதற்குப் பெயர் பானை. அதில் நன்றாகக் காய்ந்த மணலைக் கொட்டுவார்கள். டீசலில் ஓடும் கம்ப்ரஸரின் காற்று அந்த மணலை ஒரு தடித்த ரப்பர் ஹோஸ் வழியாகத் தள்ளிக்கொண்டு போகும். ஹோஸின் இந்த முனையில் பானையும் அத்தையும். அந்த முனையில் மாமா.

அந்தக் கோடையில் எங்கள் பக்கத்துக் கிணறுகள் எல்லாம் வற்றி, தண்ணீர் லாரிகள்தான் ராஜாக்கள். மூலையில் கிடந்த பழைய டேங்கர்களையெல்லாம் தூசி தட்டி எடுத்தார்கள். உட்புறத் துருவை உரிப்பதற்கு அவை மாமாவிடம் வரிசை கட்டி நின்றன. மாமா டேங்கருக்குள் இறங்கித்தான் வேலை செய்ய வேண்டும். மேலே ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வட்டமாக ஒரு வாய். அதைத் தவிர வேறு வழி கிடையாது.

எனக்கு அந்த வேலை பிடிக்காது. பிடிக்காது என்பது மரியாதைக்குச் சொல்வது. உள்ளே இறங்குமுன் மாமா கித்தான் துணியில் தைத்த ஒரு முகமூடியைத் தலையோடு மாட்டிக்கொள்வார். மார்பு வரை தொங்கும். கண்களுக்கு எதிரே சதுரமாக ஒரு கண்ணாடி. மணல் பட்டுப் பட்டு அது பூ விழுந்த கண் மாதிரி வெளுத்திருக்கும். அவர் மூச்சு விடுவதற்கு அதே கம்ப்ரஸரிலிருந்து ஒரு மெல்லிய குழாயில் தனியாகக் காற்று வரும். முகமூடியை மாட்டியதும் அவர் பேசமாட்டார், சிரிக்கமாட்டார், யாரைப் பார்க்கிறார் என்றும் தெரியாது. அப்படியே இருட்டுக்குள் கால், இடுப்பு, தலை என்று மறைந்துபோவார். ஒரு நிமிடத்தில் டேங்கர் ஊளையிடத் தொடங்கும். தரையில் கிடக்கும் ஹோஸ் எதையோ விழுங்குவதுபோல் துடிக்கும். மணலில் சற்று ஈரம் இருந்தால் இருமும். மேலே வட்ட வாயிலிருந்து வெள்ளையாகப் புழுதி எழும். அந்த நேரம் பார்த்து விமான நிலையத்தில் இறங்கப்போகும் விமானம் ஒன்று கொட்டகையைத் தொடுகிற மாதிரி தாழப் பறக்கும். இரண்டு சத்தமும் கலக்கும்போது யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது எனக்குத் தெளிவாகக் கேட்கும். இதை யாரிடமும் சொல்லவில்லை. பேய்க்குப் பயப்படும் வயதைத் தாண்டிவிட்டவன் என்று வெளியில் எனக்கு ஒரு பெயர் இருந்தது.

என் சந்தேகம் மிக எளிமையானது. உள்ளே போனவர் மாமா, சரி. வெளியே வருவதும் அவர்தான் என்பதற்கு என்ன ஆதாரம்? அதனால் அவர் வெளியே வந்ததும் முகமூடியைக் கழற்றுமுன் ஒரு சோதனை வைப்பேன்.

“மாமா, நான் கணக்குல எவ்ளோ மார்க்?”

“இத ஊரு கேக்க சத்தம் போட்டு வேற கேக்கறியா? முப்பத்தெட்டு.”

அந்த மதிப்பெண் எனக்கு நிம்மதி கொடுத்த இடம் உலகத்திலேயே அது ஒன்றுதான்.

வேலையை நிறுத்தவேண்டும் என்றால் மாமா உள்ளிருந்து டேங்கரின் சுவரில் மூன்று தட்டு தட்டுவார். அந்த ஊளைக்கு நடுவே அதைக் கேட்கிற காது அத்தைக்கு மட்டும் இருந்தது. உடனே வால்வை மூடிவிடுவாள். நான் போவதற்குச் சில நாட்களுக்கு முன்னால் ஹோஸ் மாமாவின் கையிலிருந்து நழுவிவிட்டது. காற்று நிற்காமல் வருகிற ஹோஸைக் கீழே விட்டால் அது சும்மா கிடக்காது. டேங்கருக்குள் சாட்டை மாதிரி சுழன்றடித்திருக்கிறது. அதனிடமிருந்து தப்பிக்கவே இரண்டு கையும் போதாதபோது அவர் எங்கே தட்டுவது? அத்தைக்குச் சத்தம் மாறியது புரிந்து வால்வை மூடுவதற்குள் அவருடைய வலது பூட்ஸின் தோல் முழுவதும் உரிந்துபோயிருந்தது. இன்னும் ஒரு நொடி போயிருந்தால் கால்.

அதற்கப்புறம்தான் அத்தை ஒரு புது ஏற்பாட்டில் இறங்கினாள். பழைய இரும்புக் கடையிலிருந்து லாரி ஏர் பிரேக்கின் வால்வு ஒன்றை வாங்கிவந்தாள். அதைப் பானையின் கீழே பொருத்தினாள். ஸ்கூட்டரின் பிரேக் பிடி ஒன்றை ஹோஸின் முனையில் கட்டி, இரண்டுக்கும் நடுவே மெல்லிய காற்றுக் குழாயை இழுத்தாள். பிடியை அழுத்திக்கொண்டிருந்தால் மணல் வரும். கையை எடுத்தால் நின்றுவிடும். அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுக்கு அவள் இரண்டு வாரம் சோற்றைக்கூட மறந்து கிடந்தாள். முதலில் வைத்த ஸ்பிரிங் மிகக் கடினம்; மாமாவுக்கு விரல் மரத்துப்போனது. அவர் என்ன செய்தார் என்றால், சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி, பிடியை அழுத்தினபடியே இறுகக் கட்டிவிட்டார். கையை எடுத்தாலும் நிற்காது. அத்தை அதைக் கண்டுபிடித்து, கத்தரிக்கோலோடு வந்தாள்.

“இத கட்டறதுக்கா நான் இவ்ளோ பாடுபட்டேன்?”

“வெரல் வலிக்குதுடி.”

“வெரல் இருந்தாத்தான் வலிக்கும்.”

அடுத்த நாளே மெல்லிய ஸ்பிரிங் வந்தது. மாமா அழுத்திப் பார்த்துவிட்டு, “இப்பத்தான் பூ மாதிரி கீது” என்றார்.

அதைப் பெரிய வேலையில் முதலில் போட்டுப் பார்த்த நாள், வெயில் தகரத்தை உரித்துக்கொண்டிருந்த ஒரு காலை. டேங்கரைக் கொண்டுவந்த லாரி டிரைவர் அண்ணன் நிழலில் உட்கார்ந்து அவசரப்பட்டுக்கொண்டிருந்தார்.

“இன்னாக்கா, இன்னிக்கு முடிஞ்சிடும்ல? சிறுசேரி பக்கம் கம்பெனிக்காரன் தண்ணி இல்லாம பேஜாராயிட்டான். ஓனர் என்னை உயிரோட வுட மாட்டாரு.”

“ஒரு மணி நேரம் தம்பி. குறுக்க பேசாத, எனக்குக் காது வேணும்” என்றாள் அத்தை. பக்கத்து வீட்டார் குழந்தை தூங்கவில்லை என்று சண்டைக்கு வந்ததால், முந்தின நாள்தான் கம்ப்ரஸரைப் பின்சுவரின் மூலைக்குத் தள்ளவைத்திருந்தாள். அது அங்கே இருந்து உறுமிக்கொண்டிருந்தது. நான் லாரியின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தேன். பயத்தை அருகில் இருந்து கண்காணிப்பது என் வழக்கம்.

மாமாவுக்குப் புது பொம்மை கிடைத்த குஷி. சிறிது நேரம் அடிப்பார், கையை எடுப்பார். ஊளை சட்டென்று அறுந்துவிடும். ஹோஸ் தொய்ந்து படுக்கும். அந்த அமைதியில் அத்தையின் முகம் மலரும். மறுபடி அழுத்துவார், ஊளை எழும். ஐந்து முறை இப்படி விளையாடினார். எனக்கோ ஊளையைவிட அந்த அமைதி மோசமாக இருந்தது. ஊளையிடும்போது உள்ளே அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்றாவது தெரிந்தது.

ஆறாவது முறை ஊளை நின்றது.

அத்தை டிரைவரைப் பார்த்துப் பெருமையாகத் தலையசைத்தாள். “பாத்தியா, கைய எடுத்தா நின்னுடும்.” டிரைவர், “சூப்பர்க்கா” என்று பீடியைத் தேடினார். நான் மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். முந்தைய ஐந்து அமைதியும் பத்து எண்ணுவதற்குள் முடிந்திருந்தன. இது இருபதைத் தாண்டியது. முப்பது. வட்ட வாயிலிருந்து புழுதி மெல்ல அடங்கி, உள்ளே இருட்டு மட்டும் மிஞ்சியது. விமானம்கூட வரவில்லை.

அப்போது என் முதுகுக்குப் பின்னால், டேங்கரின் சுவரில், உள்ளிருந்து கேட்டது.

டொக்.

மிக நிதானமாக, எங்கோ ஆழத்திலிருந்து வருவதுபோல், இன்னொரு டொக். பிறகு மறந்துபோய் நினைவு வந்ததுபோல் மூன்றாவது.

நான் வாளியோடு எழுந்தேன் என்று நினைக்கிறேன். அத்தையிடம் போய் நின்றேன்.

“அத்த, உள்ள இருக்கறது மாமா இல்ல.”

“வாய மூடுடா, லூசு.”

“தட்டுது அத்த. மூணு வாட்டி.”

அத்தையின் சிரிப்பு முகத்தில் அப்படியே தங்கி, மெதுவாகக் காய்ந்தது. “கையில புடி வெச்சிருக்காரு. அப்புறம் எதுக்குத் தட்டறாரு?” என்றாள். அவள் கேட்டது என்னை அல்ல. அடுத்த கணம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு லாரியின் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தாள். அந்த வட்ட வாய்க்குள் அத்தையும் கால், இடுப்பு, தலை என்று மறைந்துபோனதைப் பார்த்தேன்.

அந்த இடத்தில் என்னைப்போல் ஒரு பையன் என்ன செய்யவேண்டும்? உதவவேண்டும். நான் ஓடினேன். ஓடுகிற வேகத்தில், லாரியின் அடிப்பாகத்துக்கு அடிக்கக் கலக்கி வைத்திருந்த ரெட் ஆக்சைடு என்ற சிவப்புப் பெயிண்ட் தட்டில் இரண்டு காலையும் வைத்தேன். அதோடு தெருவில் இறங்கி, மூன்று முனை தாண்டி, டீக்கடைக்குள் பாய்ந்து பெஞ்சுக்கு அடியில் ஒளிந்தேன்.

“டேய் தம்பி, காலு முழுக்க ரத்தம்டா! இன்னாடா ஆச்சு?”

“பேய்” என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. கையை மட்டும் வந்த திசையில் நீட்டினேன். டீ குடித்துக்கொண்டிருந்த ஐந்தாறு பேர் கிளாஸை வைத்துவிட்டு, சிவந்த காலடித் தடத்தைப் பிடித்துக்கொண்டே ஓடினார்கள். நான் ஓடவில்லை. கடைக்காரர் கொடுத்த பொறை பிஸ்கட்டைத் தின்றேன். நடுங்கிக்கொண்டே என்றாலும், முழுசாகத் தின்றேன்.

அங்கே நடந்ததைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். மாமா டேங்கரின் கடைசிக் கோடியில் நினைவில்லாமல் கிடந்திருக்கிறார். அத்தை முகமூடியைப் பிய்த்தெறிந்து, டேங்கரின் வாய்க்கு நேர் கீழே வரை அவரைத் தனியாக இழுத்துவந்திருக்கிறாள். அதற்கு மேல் முடியவில்லை. மாமா நல்ல கனம். மேலிருந்து டிரைவர் அண்ணன் மட்டும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “ஆள் வேணும், ஆள் வேணும்” என்று கத்திக்கொண்டிருந்தபோது தெருவிலிருந்து ஆள் வந்தது. கயிறு கட்டித் தூக்கி, ஆட்டோவில் போட்டு, குரோம்பேட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னாராம்.

சுவர் மூலையில் கம்ப்ரஸரின் புகை வெளியேற வழியில்லாமல் சுற்றிச் சுற்றி, அது இழுக்கிற காற்றிலேயே கலந்திருக்கிறது. அந்தக் காற்றைத்தான் மாமா முகமூடிக்குள் மூச்சாக இழுத்துக்கொண்டிருந்தார். மயங்கி விழுந்தார், கை பிடியை விட்டது, மணல் நின்றது. பழைய ஏற்பாடாக இருந்திருந்தால் அந்த ஹோஸ், விழுந்து கிடந்தவரை என்ன செய்திருக்கும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவர் பக்கத்திலேயே அது சமர்த்தாகக் கிடந்ததாம்.

மாமா மூன்றாம் நாள் வீடு திரும்பினார். “நீங்க எப்ப தட்டினீங்க?” என்று கேட்டேன்.

“நான் எங்கடா தட்டினேன்? தல சுத்துச்சு. அவ்ளோதான் தெரியும்.”

“அப்ப அது பேய்தான் தம்பி. ஆனா நல்ல பேயி” என்றார் டிரைவர் அண்ணன். நினைவு போகிற நேரத்தில் கை தன் பழக்கத்துக்குத் தட்டியிருக்கும் என்று பெரியவனான பிறகு நானே ஒரு விளக்கம் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். பகலில் அது நன்றாகவே வேலை செய்கிறது.

தெருவில் என் புகழ் பரவியது. சமயோசிதமாகப் போய் ஆள் கூட்டிவந்த பிள்ளை என்றார்கள். டீக்கடையில் ஒரு வாரம் பொறை இலவசம். நான் அடக்கமாகத் தலை குனிந்து வாங்கிக்கொண்டேன்.

அத்தையின் வால்வையும் எல்லோரும் பாராட்டினார்கள். இரண்டு பட்டறைக்காரர்கள் வந்து, தங்களுக்கும் ஒன்று செய்து தரச் சொல்லிக் கேட்டார்கள். அவள் செய்து கொடுத்தாள், ஆனால் பாராட்டு எதுவும் அவள் காதில் ஏறின மாதிரி தெரியவில்லை. கம்ப்ரஸரை மூலையிலிருந்து அவளே தள்ளிக்கொண்டு வந்து வாசலில் வெட்டவெளியில் நிறுத்தினாள். பக்கத்து வீட்டிலிருந்து இந்த முறை யாரும் சண்டைக்கு வரவில்லை. அப்புறம் அவள் இன்னொரு ஏற்பாடு செய்தாள். அதில் வால்வும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. ஒரு நைலான் கயிறு. ஒரு முனை மாமாவின் இடுப்பில், மறுமுனை அவள் மணிக்கட்டில். மாமா டேங்கருக்குள் இருக்கும்போது கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை சுண்டுவாள். அவர் பதிலுக்குச் சுண்டவேண்டும்.

“கன்னுக்குட்டி மாதிரி கட்டி வெச்சிருக்கா பாருடா” என்று மாமா என்னிடம் புலம்புவார்.

விடுமுறை முடிகிற வாரம் ஒரு மதியம். சாப்பிட்டுவிட்டு மாமா கொட்டகையின் ஓரத்தில் துண்டை விரித்துப் படுத்திருந்தார். கயிற்றை அவிழ்க்கச் சோம்பல்; இடுப்பிலேயே இருந்தது. அத்தை சற்றுத் தள்ளி உட்கார்ந்து மணல் சலித்துக்கொண்டிருந்தாள். மாமாவின் குறட்டை நின்றது. அத்தையின் சல்லடையும் நின்றது. அவள் கயிற்றைச் சுண்டினாள். அவர் அசையவில்லை. மறுபடி, பலமாகச் சுண்டினாள்.

“இருக்கேன்டி!” என்று மாமா கண்ணைத் திறக்காமலே எரிந்து விழுந்து, புரண்டு படுத்தார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, புரையேறும் வரை சிரித்தேன். அத்தையும் சிரிக்கிறாளா என்று திரும்பிப் பார்த்தேன். கயிறு சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். பாவம், தூக்கம் வந்துவிட்டதுபோல என்று நினைத்துக்கொண்டேன்.