ஒரு கல், இரண்டு கழுத்து

என் தம்பி கப்பலில் வேலை பார்க்கிறான். குவாத்தமாலா பக்கம் ஏதோ துறைமுகத்தில் இறங்கியவன், பச்சை ஜேடு கல்லில் செதுக்கிய பதக்கம் ஒன்றை வாங்கி வந்தான். பழங்காலத்து மாயா ராஜாவின் முகம். நீள மூக்கு, தலையில் இறகுக் கொத்து. அந்த ஜனங்களுக்குத் தங்கத்தைவிட இந்தக் கல்தான் பெரிதாம். இரும்பே இல்லாமல் நூலையும் ஈர மணலையும் வைத்தே இதை அறுத்தார்களாம். இவ்வளவு விவரம் கேட்டு வந்த மடையன், அக்காமார் இரண்டு பேருக்கு ஒன்றே ஒன்றுதான் வாங்கியிருந்தான்.

மூத்தவள் என்று என் கழுத்தில் போட்டுவிட்டான். "எப்பவும் அவளுக்குத்தான்" என்று எழுந்துபோன என் தங்கச்சி மூன்று மாதம் போனை எடுக்கவில்லை. நான் திருநெல்வேலி, அவள் ஸ்ரீவைகுண்டம். தினமும் காலையில் காபி ஆறிப்போகும்வரை பேசுகிறவர்கள் நாங்கள். அவள் குரல் கேட்காமல் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. கல்லை அவளிடமே கொடுத்திருக்கலாமே என்பீர்கள். ஏன் கொடுக்க வேண்டும்? எனக்கும் ஆசைதான்.

இரண்டாக அறுத்துவிடலாம் என்று டவுனில் கல்லுக்குப் பட்டை தீட்டுகிற அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மிசின்ல வச்சா தெறிச்சிரும்மா. ராசா மூஞ்சி போயிரும். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்."

எனக்கு வந்ததே கோபம். அப்படியே பஸ் ஏறிப்போய்த் தங்கச்சி வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"ஏட்டி, வா. மீன் புடிக்கிற நைலான் நரம்பு வாங்கியாந்திருக்கேன், மணலு ஆத்துல கிடக்கு. பாதி உனக்கு, பாதி எனக்கு."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேதான் வந்தாள். அணைக்கட்டுக்குக் கீழே மர நிழலில் உட்கார்ந்து, வாழைமரத் துண்டு ஒன்றைப் பிளந்து அதில் கல்லை இறுக்கினோம். ஈர மணலைப் போட்டு, நரம்பை ஆளுக்கொரு நுனி பிடித்து இழுத்தோம். ஒருத்தி இழுக்கும்போது மற்றவள் விட்டுக்கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அறுந்துவிடும். அரை மணி நேரத்தில் மூன்று முறை அறுந்தது.

"பைய இழுக்கா, திரும்ப அறுந்திரும்," என்றாள். மூன்று மாதத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. அப்புறம் அவள் மாமியாரின் சர்க்கரை, என் முழங்கால் வலி, பக்கத்து வீட்டுக் கல்யாணம் என்று வாய் ஓயவே இல்லை. சாயங்காலம் கல்லைத் துடைத்துப் பார்த்தால், ராஜாவின் உச்சியில் மெல்லிசாக ஒரே ஒரு கீறல். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

ஒருத்தியை ஒருத்தி நம்பவில்லையல்லவா, கல் என் வீட்டில், நரம்பு அவள் வீட்டில் என்று முடிவாயிற்று. கடையில் வேறு நரம்பே கிடைக்காதா என்று இருவருமே கேட்கவில்லை. எட்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் ஏறுகிறேன். கீறல் இன்னும் இறகுக் கொத்தைக்கூடத் தாண்டவில்லை.

போன வாரம் நாங்கள் அறுத்துக்கொண்டிருக்கும்போது தம்பி வீடியோவில் கூப்பிட்டான்.

"இன்னுமா அறுக்குதீய? அடுத்த மாசம் அந்தப் பக்கந்தான் போறேன். இன்னொண்ணு வாங்கியாரேன், ஆளுக்கொண்ணு போட்டுக்கிடுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கச்சி போனைப் பிடுங்கினாள். "நீ ஒன் சோலியப் பாத்துக்கிட்டு இருலே," என்று கட் பண்ணினாள். நரம்பின் நுனியைத் திரும்ப என் கையில் கொடுத்தாள்.

"மணலு காஞ்சிட்டுக்கா. தண்ணிய ஊத்து."