வலது பக்கத்துச் சீட்டு

இந்த நாட்டுக்கு வந்து நான்கு வருடம் ஆகிவிட்டது. இன்னும் அவ்வப்போது காரின் தவறான கதவைத் திறந்து உட்கார்ந்துவிடுகிறேன். சாவியும் கையுமாக நிமிர்ந்து பார்த்தால் எதிரே ஸ்டியரிங் இருக்காது. நம் ஊரில் ஓட்டுகிறவன் வலது பக்கம், இங்கே இடது பக்கம். மூளைக்குத் தெரிகிறது, காலுக்குத் தெரியவில்லை. மூக்கு நுனி மரத்துப்போகிற குளிரில், வேலைக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில், கால் நேராக ராஜபாளையத்துப் பழக்கத்தில் வலது பக்கத்துக் கதவில் போய் நிற்கும். ஆரம்பத்தில், பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிடுவாரோ என்று வெட்கப்பட்டு, எதையோ தேடுவதுபோல் டேஷ்போர்டைத் திறந்து மூடிவிட்டு இறங்குவேன். இப்போது அந்த நாடகம் கிடையாது. யாரும் பார்ப்பதில்லை என்பது தெரிந்துபோயிற்று.

நான் இருப்பது கனடாவில், சஸ்காச்சுவான் மாநிலத்துச் சின்ன ஊர் ஒன்றில். தானியக் கிடங்கில் மெஷின்களைப் பழுதுபார்க்கும் வேலை. ராஜபாளையத்தில் ஸ்பின்னிங் மில் ஃபிட்டராக இருந்தவன். மில் முதலில் ஷிப்டைக் குறைத்தது, பிறகு கேட்டைப் பூட்டியது, நான் விமானம் ஏறினேன். மனைவி கோமதி ஸ்ரீவில்லிபுத்தூரில் அரசுப் பள்ளி ஆசிரியை. மகள் ஒன்பதாம் வகுப்பு. அவர்களும் இங்கே வரலாம், சட்டத்தில் தடையில்லை. ஆனால் பரீட்சை எழுதிப் பல வருடம் காத்திருந்து வாங்கிய வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வரமாட்டேன் என்று சொல்ல அவளுக்கும் வரவில்லை. நான்கு வருடமாக நாங்கள் சாப்பாட்டையும் தட்பவெப்பத்தையும் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

இந்தக் குளிர்காலத்தில் கிடங்குக்குப் போகிற சரளைக்கல் சாலையில் என் பழைய கார் நட்டநடுவில் படுத்துவிட்டது. சுற்றிலும் பனி, ஒரு மரம்கூட இல்லை. பின்னால் வந்தவர் தன் பிக்கப் வண்டியில் கயிறு கட்டி என்னை இழுத்துப்போய்ச் சேர்த்துவிட்டு, "முதலில் ஒரு டிரக் வாங்கு" என்றார். இங்கே எல்லோரும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் பிக்கப் என்றால் தேங்காயோ மாங்காயோ ஏற்றுகிற வண்டி. இவர்கள் அதில் ஒரு காப்பி வாங்கப் போகிறார்கள். ஒரு மனிதன், ஒரு காப்பி, பின்னால் ஒரு கல்யாணத்துக்கே பாத்திரம் ஏற்றலாம்போல வெறும் இடம்.

வண்டி விற்கும் கடையில் கெவின் என்ற இளைஞன் கவனித்தான். வாங்குகிறீர்களா, லீஸுக்கு எடுக்கிறீர்களா என்றான். லீஸ் என்றால் மாதாமாதம் கட்டி மூன்று வருடம் ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆனால் ஆணி அடிக்கக் கூடாது, ஓட்டை போடக் கூடாது, சொன்ன தூரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. வாங்கினால் தவணை முடிய ஏழு வருடம், ஆனால் வண்டி நம்முடையது. எது நல்லது என்று கேட்டேன். "அது உங்களைப் பொறுத்தது. இங்கே எத்தனை வருடம் இருப்பதாக உத்தேசம்?" என்றான். அவன் கையில் காப்பிக் கோப்பையோடு சும்மா கேட்டதுதான். என் மாமனார்கூட அந்தக் கேள்வியை என் முகத்துக்கு நேரே கேட்டதில்லை. "மனைவியிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்றேன். "புத்திசாலி" என்று சிரித்தான். கலரைத் தேர்ந்தெடுப்பதைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டான்.

எனக்குச் சாயங்காலம் ஆகும்போது கோமதிக்கு விடியும். டிபன் பாத்திரத்தை மூடுகிற சத்தத்தோடுதான் எப்போதும் அவள் பேச்சு கேட்கும். லீஸை விளக்கினேன்.

"அப்ப குத்தகை மாதிரின்னு சொல்லுங்க."

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

"எங்கூரு தேவதானத்துல எங்கப்பா எம்புட்டு வருசம் குத்தகைக்கு வெவசாயம் பாத்தாவ. ஒரு தென்னம்பிள்ள வச்சதில்ல. எள்ளு, உளுந்து, பருத்தி, அம்புட்டுத்தான். எடுத்துட்டுப் போற வெள்ளாமை மட்டுந்தான் வப்பாவ."

அங்கே வேர்விடாமல் திரும்பி வந்துவிடு என்கிறாள் என்று எனக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது. மூன்று வருடத்தில் மகள் பன்னிரண்டாவதை எட்டிவிடுவாள். வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நானும் ஊருக்கே வந்துவிடுகிறேன் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், இத்தனை நாளும் சொல்லக் காத்திருந்தது அதைத்தான் என்று எனக்கே தெரிந்தது. டிபன் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. "நாளைக்குப் பேசுவோம், பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று வைத்துவிட்டாள்.

அன்று சாப்பிடும்போது அண்ணனின் குட்டியானைதான் நினைவுக்கு வந்தது. எங்களுக்குக் கல்யாணமான புதிதில் அண்ணன் சேத்தூரில் லோடு ஓட்ட அந்தச் சின்ன லோடு வண்டியை வாங்கினான். வாங்குவதா வேண்டாமா என்பதைத் தவிர வேறு கேள்வியே எழவில்லை. வண்டியை எடுக்க வீடே திரண்டு போனது. முதல் தடவை புறப்படும்போது அண்ணன் வெளியே நின்றுகொண்டிருந்த கோமதியைக் கூப்பிட்டான். "முன்னால ஏறும்மா. வெறுஞ்சீட்டோட வண்டி வீட்டுக்கு வரக் கூடாது." என்னைப் பார்த்து, "ஏலே, நீ ஓட்டு. நான் பின்னால நிக்கேன்" என்றான். பின்னால் உறவு முழுக்க நின்று கத்திக்கொண்டு வர, நான் வலது பக்கம், அவள் இடது பக்கம். பட்டுச்சேலையில் மடியில் பூத்தட்டை வைத்துக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தெரிகிறவரை என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்க்காமலே சிரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் கல்யாண ஊர்வலத்தைவிட அந்தப் பயணம்தான் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் அவளே கூப்பிட்டாள். வழக்கத்தைவிட முன்னதாக. பின்னால் பாத்திரச் சத்தமில்லை.

"மூணு வருசங் கழிச்சு இங்க வந்து என்ன செய்யப் போறீங்க?"

"ஏதாவது பாப்போம்."

"என்ன ஏதாவது? மில்லு இல்ல. அண்ணன் வண்டிக்கே லோடு இல்லங்காவ. நீங்க சும்மா இருந்து நான் பாத்ததில்ல. மில்லு பூட்டுன அந்த ஆறு மாசம் நீங்க இருந்த இருப்ப இன்னொரு தடவ என்னால பாக்க முடியாது. வண்டிய வாங்கிருங்க."

வாங்கு என்றால் தானும் வருகிறேன் என்கிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். "அப்ப நீ வாரியா?"



"நான் அதச் சொல்லலியே" என்றாள். "இந்த வேலைய விட்டுட்டு அங்க வந்து நான் யாரு? பிள்ள படிப்பு முடியட்டும், அவ வேணா அங்க வந்து சேரட்டும். நீங்க வருசம் ஒரு தடவ வாங்க. அதுக்காக நீங்களும் அங்க குத்தகைக்காரன் மாதிரியே இருக்க வேண்டாம். தென்னைய வைங்க."

நான்கு வருடம் பேசாத பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. கோபம் வந்தது, அழுகையும் வந்தது. அவள் சொன்னதில் ஒன்றைக்கூட மறுக்க முடியவில்லை என்பதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது.

சனிக்கிழமை போய் வாங்கிவிட்டேன். கையெழுத்துப் போட்டதும் கெவின் சாவியைக் கொடுத்துக் கைகுலுக்கினான். அவ்வளவுதான். மாலை இல்லை, சந்தனம் இல்லை. சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிப் பையில் வைத்திருந்த எலுமிச்சம்பழங்களை நான்கு சக்கரத்துக்கும் ஒன்றாக வைத்துவிட்டு நிமிர்ந்தால், கெவின் ஒவ்வொரு சக்கரமாகக் குனிந்து நான்கையும் பொறுக்கிக்கொண்டு வந்து, "உங்கள் பையிலிருந்து விழுந்துவிட்டன" என்று நீட்டினான். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். வேறு என்ன சொல்ல? பிறகு கேட்கக் கூடாததைக் கேட்டேன். "என்னோடு வீடுவரை வர முடியுமா? பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்."

அவன் என்னை ஒரு கணம் பார்த்தான். பிறகு குரலைத் தணித்து, "பெரிய வண்டி என்றால் நிறையப் பேருக்கு முதலில் பயம் இருக்கும். வெட்கப்பட ஒன்றுமில்லை" என்று ஏறிக்கொண்டான். வழி நெடுக எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தான். மெதுவாக, அப்படித்தான், கண்ணாடியைப் பாருங்கள். பதினெட்டு வயதில் மில் லாரியை ஓட்டியவன் நான். தலையை ஆட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டேன். நல்ல பையன். வீட்டு வாசலில் வண்டி நின்றதும் என் தோளில் தட்டி, "பிரமாதம்" என்றான்.

அப்போதுதான் உறைத்தது, அவனைத் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும் என்று. நம் ஊரில் முன்சீட்டில் ஏற்றி வந்தவர்கள் வீட்டுக்குள் போய்ச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள். கடை வாசலில் கெவினை இறக்கிவிட்டுப் புறப்பட்டேன். வெறுஞ்சீட்டோடுதான் வண்டி வீட்டுக்கு வந்தது.

சாயங்காலம் கோமதி படம் கேட்டாள். அனுப்பினேன். நல்ல கலர் என்றாள். பிறகு, "முன்னால யார உக்கார வச்சீங்க?" என்றாள். அவளும் மறக்கவில்லை.

"வித்தவனையே உக்கார வச்சேன்."

வாய்விட்டுச் சிரித்தாள். எலுமிச்சம்பழக் கதையைச் சொன்னதும் இன்னும் சிரித்தாள். சிரிப்பு ஓய்ந்ததும், "அவரக் கொண்டுபோய் விட்டுட்டுத் திரும்பி வரும்போது?" என்றாள்.

"யாருமில்ல."

 அங்கே விடிந்துவிட்ட ஞாயிற்றுக்கிழமைத் தெருவில் கீரை விற்கிற சத்தம் போனில் கேட்டது. இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். கீரைக்காரி தெருமுனை தாண்டிய பிறகு, "சாப்பிடுங்க" என்று சொல்லி வைத்தாள்.

கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். வண்டியின் மேல் அதற்குள் பனி விழுந்திருந்தது. சுற்றிப்போய், இந்தத் தடவை தெரிந்தேதான், வலது பக்கத்துக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன். ஊரில் அது நான் உட்காரும் பக்கம். இங்கே அது அவளுடைய இடம். எதிரே ஸ்டியரிங் இல்லை. இறங்கவும் மனமில்லை.