தங்கச்சியின் சர்க்கரை

என் தங்கச்சிக்குச் சர்க்கரை வந்தபோது அவள் நாலாவது படித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கோடை விடுமுறைக்கு வழக்கம்போல மாமல்லபுரத்தில் மாமா வீட்டுக்குப் போயிருந்தோம். மாமா சுற்றுலாப் பயணிகளுக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். தங்கச்சி அந்த முறை விளையாடவே வரவில்லை. சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள், பாத்ரூமுக்கு ஓடினாள், திரும்பி வந்து மறுபடி குடித்தாள். வெயில் என்றார்கள் எல்லோரும். கழுத்தெலும்பு தெரிய இளைத்ததற்கும் வெயிலைத்தான் சொன்னார்கள். செங்கல்பட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில், திருக்கழுக்குன்றம் தாண்டியதும் என் மடியில் சாய்ந்தவள், கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. அவள் மூச்சில் பழம் அழுகின மாதிரி ஒரு வாடை. அம்மா அலறிய அலறலில் டிரைவர் வேறெங்கும் நிறுத்தாமல் பஸ்ஸை நேராக ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்.

பிழைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து இன்சுலின் ஊசி.

அம்மா ஊசியைக் கண்டாலே அடுத்த அறைக்குப் போய்விடுவாள். அத்தா பஜாரில் துணிக்கடையை மூடிவிட்டு வர நேரமாகிவிடும். அதனால் பத்தாவது படித்துக்கொண்டிருந்த நான் கற்றுக்கொண்டேன். தொடையில் போட்டுக்கொள்ள அவளே சீக்கிரம் பழகிவிட்டாள். கையின் பின்பக்கம் மட்டும் அவளுக்கு எட்டாது. அங்கே நான்தான் போடுவேன்.

"வலிச்சா சொல்லுடி."

"நீ போட்டா வலிக்கல. பேசிகினே போடுற இல்ல."

அப்படி என்னதான் பேசினேன் என்று இப்போது யோசித்தால் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

எனக்கு வேறொரு கோளாறு இருந்தது. மாமா வீட்டில் ஒரு மதியம் இறால் தொக்கு சாப்பிட்டதும் உதடு தடித்து, உடம்பெல்லாம் தடிப்பேறி, தொண்டை அடைத்துக்கொண்டது. மாமா வேனில் போட்டுக்கொண்டு பறந்தார். அதன் பிறகு இறால் பட்ட கரண்டிகூட எனக்கு ஆகாது. பெருநாளன்று மாமா வீட்டில் சஹன் சாப்பாடு. பெரிய தாம்பாளத்தைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் தனித்தட்டு. ஒருத்திக்கு இறால் கூடாது, இன்னொருத்திக்குச் சோறு அளந்துதான். மாமா பிள்ளைகள் அதற்கு "ஆஸ்பத்திரி சஹன்" என்று பேர் வைத்தார்கள்.

தங்கச்சிக்கு இறால் என்றால் உயிர். முதலிலேயே அடுப்படியில் நின்று தின்றுவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து என் மூக்குக்கு நேரே நீட்டுவாள். "மோந்து பாரு, வாசன கீதா?" இருந்தால் மறுபடி போய்க் கழுவிவிட்டு வருவாள். சலித்துக்கொண்டதே இல்லை. என் எதிரே முட்டி இடிக்க உட்கார்ந்து, தன் பங்கிலிருந்த கறித்துண்டை என் பக்கம் தள்ளுவாள்.

நான் நோய் எதிர்ப்பு ஆராய்ச்சிக்குப் போனதற்குக் காரணம் கேட்பவர்களிடம் வேறு எதையாவது சொல்லிவைப்பேன். செங்கல்பட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் ஆய்வகத்தில் வேலை. உடம்பைக் காக்க வேண்டிய ரத்த அணுக்கள் கணையத்துக்குள் புகுந்து, இன்சுலின் சுரக்கும் செல்களை ஏன் அழிக்கின்றன? ஒரு பாவமும் அறியாத உணவைப் பார்த்து ஏன் இப்படிப் பதறுகின்றன? இவை இரண்டும்தான் என் வேலை. ஒன்று இருக்கும் உடம்பில் மற்றது வராது என்று ஒரு காலத்தில் எங்கள் துறையில் பலர் நினைத்தார்கள். விஷயம் அவ்வளவு சுலபமில்லை என்று பிறகு தெரிந்தது. அதை வீட்டில் சொன்னபோது தங்கச்சி சிரித்தாள். "உன் இறாலையும் சேத்து நான் துன்னுட்டேன், என் இனிப்பையும் சேத்து நீ துன்னுட்ட. கணக்கு சரியாப் போச்சு."

அவளுக்குக் கல்யாணம் பேசினார்கள். முதலில் வந்தவர்கள் ஊசி விஷயம் சொன்னதும் டீயை முடிக்காமலே எழுந்தார்கள். அடுத்து வந்த மாப்பிள்ளை, "கரண்ட் போனா மருந்த எதுல வெப்பீங்க?" என்று மட்டும் கேட்டார். மண்பானையில் என்றார் அத்தா. கதவுக்குப் பின்னால் நின்ற தங்கச்சி என் கையைக் கிள்ளினாள். பிடித்துவிட்டது என்று அர்த்தம். அவரோடு மஸ்கட் போய்விட்டாள். அவள் போன பிறகு பல நாள், சாயங்காலம் மஃரிப் தொழுது முடித்ததும், அவளுக்கு ஊசி போடும் அந்த நேரத்துக்கு, என் கால் தானாக ஃப்ரிட்ஜ் பக்கம் போகும். கதவைத் திறந்து நிற்பேன். மருந்து வைத்திருந்த தட்டில் அம்மா எலுமிச்சம்பழம் வைத்திருப்பாள்.

அங்கே அவளுக்கு ஒரு மகள் பிறந்தாள். வீடியோ காலில் பார்த்துப் பார்த்துத்தான் அந்தக் குழந்தை எனக்குப் பழக்கம். அது பாட்டிலைத் தூக்கித் தண்ணீர் குடித்தால் நான் பேச்சை மறந்துவிடுவேன். இந்த நோய் வருமுன்பே, பல வருஷம் முன்னதாகக்கூட, அதன் அடையாளங்கள் ரத்தத்தில் தெரியும். அப்படிப்பட்ட குழந்தைகளின் ரத்தத்தைப் பார்ப்பதுதான் என் அன்றாட வேலை. மகளுக்கும் பார்த்துவிடலாம் என்று போனில் சொல்லும்போதெல்லாம் தங்கச்சி பேச்சை மாற்றிவிடுவாள்.

போன பெருநாளுக்கு ஊருக்கு வந்திருந்தார்கள். மாமல்லபுரத்தில், படகுகள் ஏற்றி வைத்திருந்த மணலில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். குழந்தை அலையைத் துரத்திக்கொண்டிருந்தது. அவளே ஆரம்பித்தாள்.

"ரத்தம் எடுத்துப் பாத்தா இன்னா தெரியும்?"

"வருமா வராதான்னு ஓரளவுக்குத் தெரியும்."

"வரும்னு தெரிஞ்சா நிறுத்திடுவியா?"

"நிறுத்த முடியாது. தள்ளிப்போட மருந்து கீது. நம்மூர்ல இன்னும் லேசுல கிடைக்காது. ஆனா முன்னாடியே தெரிஞ்சா, நீ பஸ்ல வுழுந்தியே, அந்த மாதிரி ஆவாது."

அவள் மணலை அள்ளி அள்ளிக் கீழே விட்டாள். "அக்கா, அந்த லீவு வரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியாது. மனசுக்குப் பிடிச்சத துன்னேன். அத்தா கடையாண்ட ஜிலேபி போடுவாங்களே, சுடச்சுட. யாரும் என்னப் பயந்து பயந்து பாக்கல. அந்தக் கொஞ்ச வருஷத்ததான் இன்னும் நெனச்சிகினு கீறேன். அத இவகிட்டேருந்து புடுங்கிடணுமா?"

அலைக்குள் போகாதே என்று குழந்தைக்கு ஒரு குரல் கொடுத்தேன். தங்கச்சி விடவில்லை.

"வந்துடுச்சின்னே வெச்சிக்கோ. எட்டாத எடத்துல யாரு போடுவா? நீயா அங்க கீற?"

குழந்தை ஈரப் பாவாடையோடு ஓடிவந்து எங்கள் நடுவில் விழுந்ததால் அதோடு நின்றது.

மஸ்கட்டுக்குக் கிளம்பும் முன் ஒரு காலையில், சொல்லாமல் கொள்ளாமல் மகளைக் கூட்டிக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்து நின்றாள். "எடு. ஆனா எங்கிட்ட சொல்லக் கூடாது. நீ மட்டும் தெரிஞ்சி வெச்சிக்கோ."

அவளுக்கு ஊசி போட்ட நாளெல்லாம் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் போட்டேன். அன்று பார்க்க முடியவில்லை. "தாய்க்குச் சொல்லாம வெச்சிக்க எங்க விதியில எடமில்ல. இருந்தாலும் என்னால முடியாதுடி" என்றேன்.

கோபித்துக்கொள்வாள் என்று பயந்தேன். அவளோ பெருமூச்சு விட்டு மகளின் சட்டைக் கையை இறக்கிவிட்டாள். "சரி வுடு. கொஞ்சம் சந்தேகம்னாலும் வெரல்ல குத்திப் பாத்துடுறேன். மெஷினுதான் வூட்லயே கீதே." அதற்குப் பிறகு மூன்று பேரும் பஸ் ஸ்டாண்ட் எதிரே போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டோம். அவளுக்கு எத்தனை யூனிட் என்று அவளே கணக்குப் போட்டு, மேசைக்கடியில் ஊசி போட்டுக்கொண்டாள்.

மஸ்கட் போய்ச் சேர்ந்த வாரம் எனக்கு ஒரு லிங்க் அனுப்பினாள். அவள் கையில் இப்போது சர்க்கரை அளக்கும் சென்சார் ஒட்டியிருக்கிறது. அது காட்டும் எண் என் போனிலும் வரும்படி செய்திருந்தாள். "எம் பொண்ணத்தான் பாக்க முடியல. என்னப் பாத்துகினு இரு" என்று கீழே எழுதியிருந்தாள்.

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கடலுக்கு அந்தப் பக்கம் அவள் சர்க்கரை ஏறுவதும் இறங்குவதும் எனக்கு உடனே தெரிகிறது. இறங்கினால் கூப்பிட்டுத் திட்டுவேன், ஏறினால் என்ன தின்றாய் என்பேன். எண் சரியாக இருக்கும் நாட்களில்தான் கஷ்டம். கூப்பிட ஒரு காரணமும் கிடைக்காது. என்ன சமைத்தாள், யாரோடு சிரித்தாள், எதுவும் அந்த எண்ணில் வருவதில்லை.

நேற்று மதியம் ரத்தம் எடுத்த சோதனைக் குழாய்களைச் சென்ட்ரிஃபியூஜ் எந்திரத்தில் சுற்றவிட்டுவிட்டு, எண் சரியாக இருக்கும்போதே கூப்பிட்டேன்.

"நல்லாத்தானே கீது? இன்னாத்துக்குக் கூப்ட்ட?"

"சும்மாதான்."

அந்தப் பக்கம் குழாயை மூடும் சத்தம் கேட்டது. பிறகு, "வெங்காயம் அரிஞ்சிகினு கீறேன், போனு அப்டியே இருக்கட்டும்" என்று எங்கேயோ சாய்த்து வைத்தாள். பலகையில் கத்தி விழும் சத்தம் வந்தது. நடுவில் மகளை எதற்கோ அதட்டினாள். சென்ட்ரிஃபியூஜ் நிற்கும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன்.