பினோத் தங்கச்சிக்கு ஒரு ஊர்

இன்னைக்கு ஆபீஸ் ஷட்டில் பஸ்ல பக்கத்து சீட் பினோத், நேபாளத்துக்காரன், ஒரு கேள்வி கேட்டான். சித்தப்பா பொண்ணு மாஸ்டர்ஸ் படிக்க வர்றாளாம். டல்லாஸ், ஜெர்சி, இங்க பே ஏரியா, மூணுலயும் அட்மிஷன். எது நல்ல ஊர்?

"இங்க வேண்டாம்ப்பா, வாடகையிலயே செத்துடுவா. டல்லாஸ் அனுப்பு"ன்னேன். எதுக்கும் டல்லாஸ்ல இருக்கிற அக்காவுக்கு போன் போட்டேன்.

"ஐயோ, கார் இல்லாம இங்க பால்கூட வாங்க முடியாதுடா! ஜெர்சிதான் பெஸ்ட்."

ஜெர்சியில இருக்கிற ஃப்ரெண்டைக் கூப்பிட்டேன்.

"இந்தக் குளிருக்கா? பாவம்டா அந்தப் பொண்ணு. உங்க ஊருக்கே வரச் சொல்லு."

தமிழ் புரியாத பினோத் என் மூஞ்சியையே பார்த்துட்டிருந்தான். "என்ன சொன்னாங்க?"

"மூணுமே நல்ல ஊராம்"னு சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

தான் இருக்கிற ஊரையே தைரியமா ரெகமண்ட் பண்றவங்க யாராவது இருந்தா கமெண்ட்ல வாங்க. நாளைக்கும் அவன் பக்கத்துலதான் உட்காரணும்.