முடிச்சுப் போட்ட மூன்று போத்தல்கள்

கொழும்பில் பட்டப்படிப்புப் படித்தபோது, ஒரு விடுமுறையில் மட்டக்களப்பு வாவியின் உப்பளவை ஆராயப் பேராசிரியர் கருவிகள் தந்து என்னை அனுப்பினார். மீனவர் கந்தப்பர் தினமும் என்னைத் தோணியில் ஏற்றிப் போனார். ஒரே இடத்தில் நீர் அள்ளி அளந்து, அட்டவணையில் அன்றைய கட்டத்தில் எழுதுவேன்.

காய்ச்சலில் மூன்று நாள் படுத்தேன். முந்தைய நாள் அளவையே அந்த நாட்களுக்கும் எழுதிவைத்தேன். யாருக்குத் தெரியப்போகிறது?

நான்காம் நாள் கந்தப்பர் மூன்று போத்தல் தண்ணீரோடு வந்தார். ஒவ்வொன்றின் கழுத்திலும் நூல். ஒன்று, இரண்டு, மூன்று என நாளுக்கேற்ற முடிச்சுகள்.

"நீங்க படுத்தா வாவியும் படுத்திருமா, தம்பி? அதே இடத்திலதான் அள்ளினனான்."

அளந்தேன். மழைவெள்ளம் கலந்து உப்பு பாதியாகியிருந்தது. கூசிப்போய்ப் பொய் அளவுகளை வெட்டி உண்மையானவற்றை எழுதினேன், பேராசிரியரிடமும் ஒப்புக்கொண்டேன்.

"அடுத்த விடுமுறையும் போங்க," என்றார் அவர். "கந்தப்பரோட."

இன்றும் அளக்காத நாளின் கட்டத்தை வெறுமையாகவே விடுகிறேன்.