அவரைப் பந்தலுக்கு வந்த விருந்தாளி

நான் நான்காம் வகுப்பு படித்தபோது எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு காய்கறித் தோட்டம் வந்தது. அது வெளிநாட்டுக்காரர்கள் அனுப்பிய பணத்தில் வந்த தோட்டம். அதை நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே காலையில் காலி செய்த கதையை என் பிள்ளைகள் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வார்கள். அவர்களுக்குச் சொன்ன மாதிரியே உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

சோமனூர்ப் பக்கம் ஒரு தறிக்கூடத்தை ஒட்டி எட்டு லைன் வீடுகள். எட்டுக்கும் ஒரே நீளக் கூரை. அப்பா தறி ஓட்டினார். அம்மா தறிக்கு வேண்டிய நூலைச் சின்னக் கட்டைகளில் சுற்றிக் கொடுப்பார். இரண்டு வீடு தள்ளி அத்தை, அதாவது அப்பாவின் அக்கா. சித்தப்பா எங்களோடு இருந்தார். சனிக்கிழமை கூலி வந்தால் நாலு நாளைக்குக் காய் இருக்கும். அதற்கப்புறம் ரசமும் ஊறுகாயும்தான். எட்டு வீட்டிலும் அப்படித்தான் என்பதால் அதை ஒரு குறையாக நான் நினைத்ததில்லை.

ஒருநாள் ஸ்கூட்டரில் ஓர் அக்கா வந்தார். அவிநாசிப் பக்கத்துக்காரர். கடல் தாண்டி ஏதோ ஒரு நாட்டில் சில பேர் சேர்ந்து பணம் திரட்டுகிறார்களாம். வசதியில்லாத ஊர்களில் இருக்கிறவர்கள் மருந்தடிக்காமல் காயும் கீரையும் விளைத்துச் சாப்பிடுவதற்காக அதை அனுப்புகிறார்களாம். தறிக்கூட முதலாளியிடம் பேசி, பின்னால் சும்மா கிடந்த இடத்தையும் அக்காவே கேட்டு வாங்கியிருந்தார்.

"நாம திங்கறதுக்கு அவங்க எதுக்குங்க காசு தர்றாங்க?" என்று அத்தை கேட்டார்.

"அவங்க ஊர்ல தோட்டம் போட எடமில்லையாட்ட இருக்குது" என்றார் சித்தப்பா.

அக்கா சிரித்துக்கொண்டே வேலையை ஆரம்பித்துவிட்டார். வேலி வந்தது. நாற்று வந்தது. குப்பையை மக்கவைக்கக் குழி வெட்டினோம். பாத்தியில் ஈரம் காயாமல் இருக்கக் காய்ந்த இலையையும் வைக்கோலையும் செடிகளின் அடியில் பரப்பச் சொன்னார். அதற்கு மூடாக்கு என்று பெயர். மார்கழி முடிவதற்குள் கத்தரி, தக்காளி, முள்ளங்கி, கீரை எல்லாம் கண்ணுக்கு நிறைவாக நின்றன. அவரைப் பந்தலில் பூவும் பிஞ்சுமாகத் தொங்கியது.

தண்ணீர்தான் பாடாக இருந்தது. தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமக்க வேண்டும். வேலை முடித்து வந்து அம்மா நடக்கிற நடையைப் பார்த்தால், இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். வெயில் காலத்தில் குடத்தை நம்பித் தோட்டம் நிற்காது என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு தண்ணீர்த் தொட்டியும் சொட்டுநீர்க் குழாயும் வேண்டும் என்று அக்கா எழுதிக் கேட்டிருந்தார். பணம் அனுப்புகிற அந்த நாட்டிலிருந்து ஓர் அம்மா நேரில் வருகிறார், அவர் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வார் என்று பதில் வந்தது. வருவதற்கு மூன்று வாரம் இருந்தது.

அன்றிலிருந்து தோட்டத்துக்கு அத்தை காவல். ஒரு தக்காளியை யாரும் தொடக்கூடாது. "அந்தம்மா வந்துபோட்டுப் போகட்டும் கண்ணு, அப்புறம் தின்னுக்கலாம்" என்பார். நான் பள்ளிக்கூடம் போகும்போது தக்காளியைப் பார்ப்பேன், வரும்போதும் பார்ப்பேன். அவ்வளவுதான்.

அந்த நாளும் வந்தது. விடிந்ததும் பார்த்தால் அத்தை இடுப்பில் கூடையோடு பந்தலடியில் நிற்கிறார். எட்டு வீட்டுப் பெண்களும் கூடவே நிற்கிறார்கள்.

சித்தப்பா ஓடிவந்தார். "ஏனக்கா, அவங்க பாக்க வர்றாங்களா, திங்க வர்றாங்களா?"

"அத்தாந்தூரத்துல இருந்து வந்து, பாத்துட்டு வெறும் வயித்தோட போறதுக்கு இதென்ன சினிமாவா? இதுல வெளைஞ்சதை இலையில போட்டாத்தான் வெளைஞ்சுதுன்னு நம்புவாங்க."

அது எல்லோருக்கும் சரியாகத்தான் பட்டது. எனக்கும் பட்டது. முள்ளங்கியைப் பிடுங்கினேன். கீரையை வேரோடு எடுத்தார்கள். கத்தரியிலும் தக்காளியிலும் ஒன்று மிச்சமில்லை. பந்தலில் இலை மட்டும் இருந்தது. ஊருக்குத் திரும்பும்போது வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று ஒரு பை நிறைய அவரையைத் தனியே எடுத்து வைத்தார் அத்தை. அதோடு விட்டாரா? விருந்தாளி வருகிற இடம் குப்பையாகக் கிடக்கலாமா என்று பாத்தி பாத்தியாகக் கூட்டச் சொன்னார். மூடாக்கு முழுவதையும் கூட்டிக் குவித்து, சித்தப்பாவே தீக்குச்சியைக் கிழித்தார். பாத்தி நடுவே சாணி தெளித்துக் கோலமும் போட்டாயிற்று.

பத்து மணிக்குக் கார் வந்தது. நரைத்த முடியை ஒட்ட வெட்டிய ஓர் அம்மா, கழுத்தில் கேமராவோடு இறங்கினார். பின்னால் வந்த அக்கா வேலியைத் தாண்டியதும் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏனுங்கம்மா... காயெல்லாம் எங்கீங்க?"

"பறிச்சுப்போட்டமுங்க அம்மணி" என்றார் அத்தை, முகமெல்லாம் மலர்ச்சியாக. "எல்லாம் இலையில வருது, வாங்க."

"மூடாக்கு?"

அத்தை புகையைக் கை காட்டினார்.

வந்த அம்மா மொட்டைப் பாத்திகளுக்கு நடுவே மெதுவாக நடந்தார். கேமராவைக் கையில் எடுத்தார், படம் எடுக்காமலே மறுபடி கழுத்தில் தொங்கவிட்டார். என் அம்மா வாசற்படியில் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டி வருமா வராதா என்பது அந்த முகத்தில் எழுதியிருக்கும் என்று நானும் பார்த்தேன். எனக்கு ஒன்றும் படிக்கத் தெரியவில்லை.

இலை போட்டு அவரை உட்காரவைத்தோம். சோற்றில் அத்தை தாராளமாக நெய்யை ஊற்றினார். அக்கா பதறிக்கொண்டு வந்தார். அந்த அம்மா நெய் சாப்பிட மாட்டாராம். தயிர் கிடையாது, மோர் கிடையாது, பால் விட்ட டீயும் கிடையாது. மாட்டிலிருந்து வருகிற எதையும் அவர்கள் தொடுவதில்லை, அதனால்தான் செடியில் விளைகிற சாப்பாட்டுக்கே உதவி செய்கிறார்கள் என்று விளக்கினார்.

"பாலுங்கூடவா ஆகாது? பாவம், என்ன வேண்டுதலோ" என்று அத்தை இலையையே மாற்றினார்.

புது இலையில் அந்த அம்மா கையால் பிசைந்து நன்றாகவே சாப்பிட்டார். அவரைப் பொரியலை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். எட்டு வீட்டுக்காரர்களும் சுற்றி நின்று அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். விருந்தாளி எழுந்த பிறகுதானே வீட்டுக்காரர்கள் உட்கார வேண்டும். அவருக்கு அது கூச்சமாக இருந்திருக்கும். என்னைப் பார்த்துச் சிரித்து ஏதோ கேட்டார். இந்தத் தோட்டத்துக் காயில் உனக்கு எது ரொம்பப் பிடிக்கும் என்று கேட்கிறார் என்றார் அக்கா.

நான் நேராக நின்று பதில் சொன்னேன். "தெரியாதுங்க. மூணு வாரமா நாங்க ஒண்ணுமே தொடலீங்க. எல்லாம் உங்களுக்குன்னே வெச்சிருந்தமுங்க."

தொட்டியைக் கொடுக்க வைக்கிற மாதிரி இதைவிட நல்ல பதில் கிடையாது என்று நினைத்தேன். அக்கா அதை அவர் பாஷையில் சொல்லாமல் தயங்கினார். "சொல்லு அம்மணி, நல்லாச் சொல்லு" என்று அத்தை தூண்டினார். அக்கா சொன்னார்.

அந்த அம்மாவின் கை இலையில் நின்றுவிட்டது. பிறகு, எல்லோரும் உட்கார்ந்தால்தான் மேலே சாப்பிடுவேன் என்று சொல்லிவிட்டார். அதெப்படி முடியும் என்று அத்தை மறுத்தார். அந்த அம்மா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இந்தப் பக்கம் அத்தை, அந்தப் பக்கம் அவர். சோறு ஆறிக்கொண்டிருந்தது. இரண்டு பேரில் யார் பிடிவாதக்காரர் என்று அப்போது சொல்ல முடியவில்லை.

அப்போது என் அம்மா வந்தார். அப்பா சாப்பிடாமல் ஒருநாளும் சாப்பிடாத அம்மா, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு விருந்தாளிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஒவ்வொருவராக எல்லோரும் உட்கார்ந்தார்கள். அந்த அம்மா எழுந்து, கரண்டியைத் தப்பும் தவறுமாகப் பிடித்து, பிள்ளைகள் எங்களுக்கெல்லாம் பொரியல் வைத்தார். புறப்படும்போது அத்தை நீட்டிய பையிலிருந்து ஒரு பிடி அவரையை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை என் அம்மாவிடமே கொடுத்துவிட்டார்.

கார் போனதும் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். "வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா இந்நேரம் தொட்டி வந்திருக்கும்" என்றார் அத்தை. "மூடாக்கைக் கூட்டச் சொன்னது யாருங்க்கா?" என்றார் சித்தப்பா. "கொளுத்துனது யாரு?" என்றார் அத்தை. அதற்கப்புறம் அவர்கள் இரண்டு பேரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

ஒரு மாதம் கழித்து, கையில் கடிதத்தோடு அக்கா வந்தார். தொட்டியும் குழாயும் கிடைத்துவிட்டன. அம்மா கையிலிருந்த குடத்தைக் கீழே இறக்கி வைத்தார். கடிதத்தில் இன்னொரு வரியும் இருந்தது. அடுத்த தடவை வரும்போது முன்கூட்டித் தகவல் சொல்ல மாட்டார்களாம்.

அத்தைக்கு மனசு நொந்துவிட்டது. "சொல்லாமக் கொள்ளாம வந்து நின்னா நான் என்னத்தை எடுத்து வெப்பேன்?"

எனக்கு அதைவிடக் கோபம். அன்றைக்கு நான் பேசியதற்குத்தான் இந்தத் தண்டனை என்று நிச்சயமாக நம்பினேன். அவ்வளவு பொத்திப் பொத்தி வைத்துக் கொடுத்ததற்கு இதுவா மரியாதை? அக்காவின் முன்னால் போய் நின்றேன்.

"பதில் எழுதுங்க்கா. சொல்லாம வந்தா இங்க ஒண்ணும் இருக்காது, பறிக்கப் பறிக்க எல்லாத்தையும் நாங்களே தின்னுபோடுவோம்னு எழுதுங்க."

அக்கா பையிலிருந்து பேனாவை எடுத்து, ஒரு வார்த்தை விடாமல் சிரித்துக்கொண்டே எழுதினார். மிரட்டிச் சொல்கிறேன், இவர் ஏன் இவ்வளவு சந்தோஷப்படுகிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை.