வாசலில் போடாத உப்பு

போன வாரம் பாரிஸில், தமிழ்க் கடைகள் நிறைந்த லாசப்பலில் ஒரு மரத்தை வெட்டினார்கள். குமார் அண்ணையின் மளிகைக் கடை வாசலில் நின்ற இளமரம். தெருவில் மற்ற மரங்களெல்லாம் துளிர்த்துவிட்டன — இது மட்டும் பட்டுப்போய் நின்றது. அண்ணை கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மரம் ஏன் பட்டது?

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை. வெளியே மைனஸ் குளிர். கடை திறந்ததும் அண்ணை வழக்கம்போல வாசல் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்தார். பாரிஸ் குளிருக்கு வெள்ளிக்கிழமை தெரியுமா? நான் காய்கறி வாங்கி முடிப்பதற்குள் வாசல் கண்ணாடி மாதிரி உறைந்துவிட்டது.

"அண்ணை, உப்புப் போடுங்கோ" என்றேன். பனியை உருக்கப் போடும் உப்பு மூட்டை பிரிக்காமல் உள்ளே கிடந்தது.

"விசரே உமக்கு? உப்பு லட்சுமியெல்லோ! சனம் சப்பாத்துக் காலால மிதிக்கிறதோ? அதுவும் வெள்ளிக்கிழமை…"

அடுத்து வந்தவர் மரி அம்மா. பாண்டிச்சேரிக்காரர். தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனியாக இருப்பவர். வெள்ளிதோறும் மீன் குழம்புக்கு முருங்கைக்காய் வாங்க வருவார். வாசலில் கால் வைத்தார்… அவ்வளவுதான். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. இடுப்பு எலும்பு.

ஆஸ்பத்திரிக்கு நானும் அண்ணையும் போனோம். மரி அம்மா கேட்டது ஒன்றுதான்.

"எனக்கப்புறம் வேற யாரும் விழலையே?"

அண்ணை நேரே கடைக்கு வந்தார். மூட்டையை அப்படியே வாசலில் கொட்டினார். மறுநாள் இன்னொரு மூட்டை. உறையாத நாளிலும் கொட்டினார். கரைந்ததெல்லாம் மரத்தடிக்குப் போனது. "காணும் அண்ணை, போதும், விடுங்கோ" என்று யார் சொல்லியும் கேட்கவில்லை.

எனக்குக் கோபம் வருகிறது. நாம் ஏன் இப்படி? ஒன்று, ஒரு கல் உப்பும் போடமாட்டோம். இல்லையென்றால் மூட்டையோடு கவிழ்ப்போம். தண்ணீரை வழித்துத் தள்ளிவிட்டு, மரத்தடிக்குப் போகாமல் கொஞ்சம் தூவினால் அந்த வாசலுக்குப் போதும். ஒரு கைப்பிடி! அதுதான் நம் கைக்கு வரவே மாட்டேன் என்கிறது.

மரி அம்மா இப்போது முதியோர் இல்லத்தில். இனி நடக்கமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெள்ளிதோறும் அண்ணை முருங்கைக்காய் கொண்டுபோய்க் கொடுக்கிறார் — அங்கே அவருக்குச் சமைக்க அடுப்பில்லை என்று தெரிந்தும்.

லட்சுமியை யாரும் மிதிக்கக்கூடாது என்று காத்த வாசல்… இனி மரி அம்மா மிதிக்கமாட்டார்.